சம்புக்குள் இறக்கிய மூங்கில் கம்பு

எங்கள் குடியிருப்பின் சம்ப், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி, 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். நாங்கள் குடிவந்தது 2010-ல். இந்த இரண்டு எண்களையும் 2019 ஜூன் மாதம்தான் தெரிந்துகொண்டோம், அதுவும் வேறு வழியில்லாமல்.

சென்னையில் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில், செம்மஞ்சேரிக்குப் பக்கத்தில் 180 வீடுகள் உள்ள வளாகம் எங்களுடையது. வந்த புதிதில் அது பஞ்சாயத்துப் பகுதி. 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது அப்போதுதான். வரி ரசீது மாறியது, தெருப் பலகை மாறியது. ஆனால் குடிநீர்க் குழாயோ பாதாளச் சாக்கடையோ எங்கள் தெருவுக்கு வரவில்லை. மேலே மாடிகள் எழும்பிய வேகத்தில் தரைக்கடியில் எதுவும் நடக்கவில்லை. இரண்டு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருந்தன. ஒன்று சில வருடங்களிலேயே உப்பாகிவிட்டது. இன்னொன்று கோடையில் அரை மணி நேரம் ஓடினால் அப்புறம் காற்றைத்தான் இழுக்கும். மற்றதெல்லாம் லாரி.

2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் நிறைந்தால் 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல் பிடிக்கும். அடுத்த ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் அதை 52.5 கோடியாகக் குறைத்தது. எங்கள் சாலையில் இருந்த சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டன. அலுவலகத்தில் செலவாகும் தண்ணீர் இனி வீட்டில் செலவாகும் என்பது அடுத்த வாரமே எங்கள் சம்பில் தெரிந்தது.

அந்த வருடம் அசோசியேஷன் பொருளாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது. 12,000 லிட்டர் லோடு ஒன்று மார்ச் மாதம் 1,400 ரூபாய். ஜூன் நடுவில் அதுவே 4,500. ஒரு நாளைக்கு 9 லோடு வாங்கினோம். மாதம் 12 லட்சம் ரூபாய் என்றால் வீட்டுக்கு 6,700 ரூபாய், தண்ணீருக்கு மட்டும். எங்கள் வளாகத்தில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள், ஒற்றைச் சம்பளத்தில் கடன் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “இவ்வளவு தண்ணி எங்கதான் போகுது, கணக்கு சொல்லுங்க” என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அதுதான் சரியான கேள்வி. ரூபாய்க்கு என்னிடம் கணக்கு இருந்தது. லிட்டருக்கு இல்லை.

மறுநாள் காலை பிளம்பர் தம்பியும் நானும் டேப்பை வைத்துச் சம்பை அளந்தோம். 8-ஐ 5-ஆல் பெருக்கினால் 40 சதுர மீட்டர். 12,000 லிட்டர் என்பது 12 கன மீட்டர். அதை 40-ஆல் வகுத்தால் 0.30. அதாவது ஒரு லாரி முழுதாக இறங்கினால் தண்ணீர் மட்டம் சரியாக 30 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஒரு மூங்கில் கம்பில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பெயின்ட்டால் கோடு போட்டோம். மோட்டாரை நிறுத்தினோம், போரையும் நிறுத்தினோம். லாரி இறக்குவதற்கு முன் ஒரு முறை, இறக்கி முடித்து அலை அடங்க ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை அளந்தோம்.

முதல் லாரி 26. அடுத்தது 27. மூன்றாவது 25.

ஒரு லோடுக்குச் சராசரியாக 1,600 லிட்டர் குறைந்தது. 9 லோடுக்கு 14,400 லிட்டர். தினமும் ஒரு லாரிக்கு மேல் வராத தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டுநரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. “அங்க நாப்பது வண்டி நிக்குதுக்கா. கரண்டு போயிட்டா அப்படியே எடுத்துட்டு வந்துடுவோம்” என்றார். டேங்கின் அடியில் கொஞ்சம் தங்கும், பழைய வால்வு வழியெல்லாம் சொட்டும். அதனால் உரிமையாளரிடம் பேசி, லோடுக்கு அல்ல, சென்டிமீட்டருக்குப் பணம் என்று மாற்றினோம். 30-க்கு முழுப் பணம், 26 என்றால் 26-க்கான பணம். காவலாளி அண்ணனும் ஓட்டுநரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். அப்புறம் வண்டிகள் 29, 29.5 என்று வரத் தொடங்கின. யாரோடும் சண்டை போடவில்லை. லாரித் தண்ணீர் வாங்கும் எந்தக் குடியிருப்பும் செலவில்லாமல் நாளைக்கே இதைச் செய்யலாம். சம்பின் நீள அகலம் மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த அளவை எடுக்கத் தொடங்கிய பிறகு எனக்கு இன்னொரு ஆசை வந்தது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அதே ஓட்டுநர் தம்பியோடு லாரியில் போனேன். கேளம்பாக்கம் தாண்டி, திருப்போரூரும் தாண்டி ஒரு ஊர். வயலுக்கு நடுவில் ஒரு பெரிய கிணறும் இரண்டு போரும். வரிசையாக லாரிகள். கிணற்றைச் சுற்றியிருந்த நிலத்தில் பயிர் இல்லை. நெல் போடுவதைவிடத் தண்ணீர் விற்பதில் லாபம் என்றார் அங்கே பணம் வாங்கியவர்.

வரப்போரம் குடத்தோடு நின்ற ஓர் அம்மா என்னிடம் வந்து யார் என்று விசாரித்தார். சொன்னேன். “நீங்க காசு குடுத்து வாங்குறீங்கம்மா, சரி. எங்க வூட்டுக் கெணறு வத்திப் போச்சே, அத்த யாரு கேக்கறது?” என்றார். அவருடைய வீட்டுக் கிணறு இருபதடிக்குள் எப்போதும் தண்ணீர் இருந்த கிணறாம். அவரும் இப்போது கைபம்புக்கு நடக்கிறார்.

நான் சிவகங்கைப் பக்கத்து ஊர்க்காரி. எங்கள் ஊரில் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். அதில் கால் நனைத்தால் அப்பத்தா தோலை உரித்துவிடும். செருப்போடு கரையில் ஏறினாலே யாராவது ஒருவர் சத்தம் போடுவார்கள். மழை நின்றதும் ஊருணியில் எத்தனை படி தெரிகிறது என்று ஊரே எண்ணும். ஆறு படி தெரிந்தால் சித்திரை வரை தாங்கும் என்பார்கள். அப்படி வளர்ந்த நான் ஒன்பது வருடம் எங்கிருந்து வருகிறது என்றே கேட்காமல் தண்ணீரைச் செலவழித்திருக்கிறேன் என்பது அந்த வரப்பில் நின்றபோது நெஞ்சைக் குத்தியது. சென்னையிலும் சுற்றியுள்ள குறிப்பிட்ட கிராமங்களிலும் நிலத்தடி நீரை எடுத்து விற்க அனுமதி வேண்டும் என்று 1987-லேயே சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் நகரத்தில் எவ்வளவு குறைவாகச் செலவாகிறதோ அவ்வளவுதான் அந்த அம்மாவின் கிணற்றுக்கு உண்மையான பாதுகாப்பு என்று அன்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் ரயிலில் வந்தது. தொலைக்காட்சியில் பார்த்தபடியே வகுத்துப் பார்த்தேன். அப்போது எங்கள் வளாகத்தின் ஒரு நாள் செலவு உண்மையில் 94,000 லிட்டர். அந்த ரயில் முழுவதும் எங்களைப் போன்ற 26 வளாகங்களுக்கு ஒரு நாள் காணும், அவ்வளவுதான். ஓ.எம்.ஆரில் எத்தனை வளாகங்கள் இருக்கின்றன என்று அந்தச் சாலையில் ஒரு முறை போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

94,000 லிட்டரை எங்கள் 580 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 160 லிட்டர் சொச்சம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு 135 லிட்டர் என்பதே நம் நாட்டில் அரசு திட்டமிடும் அளவு. எங்கே மிகுதியாகப் போகிறது? இரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை மோட்டாரைப் போடாமல் மொட்டைமாடித் தொட்டிகளின் மட்டத்தைப் பார்த்தோம். எல்லோரும் தூங்குகிறார்கள். மட்டம் அசையக் கூடாது. இரண்டு பிளாக்கில் அசையவில்லை. மூன்றாவது பிளாக்கில் மூன்று மணி நேரத்தில் 2,000 லிட்டருக்கு மேல் இறங்கியிருந்தது.

பாதிக் காரணம் மண்ணுக்கடியில் விரிசல் விட்ட ஒரு குழாய். மீதிப் பாதி ஃப்ளஷ் டேங்குகள். ஃப்ளஷ் டேங்க் கசிவு கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் கேட்காது. கேசரிக்குப் போடும் கலர் பொடியை ஒரு சிட்டிகை டேங்கில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருக்க வேண்டும். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் கசிகிறது என்று அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வளாகத்துப் பிள்ளைகளிடம் பொடிப் பொட்டலங்களைக் கொடுத்து வீடு வீடாக அனுப்பினோம். 180 வீடுகளில் 41 வீடுகளில் நிறம் தெரிந்தது. ரப்பர் வாஷர்தான் பல இடங்களில் போயிருந்தது. பிளம்பரை நான்கு நாள் வைத்து எல்லாவற்றையும் மாற்றினோம். செலவை அசோசியேஷனே ஏற்றுக்கொண்டது. “உங்கள் வீட்டுக் கசிவு, நீங்களே பாருங்கள்” என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் செய்திருக்க மாட்டார்கள்.

அதே வாரம் குழாய் முனைகளில் ஏரேட்டர் என்கிற சின்ன சல்லடை மூடியைத் திருகினோம். சாதாரணக் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கொட்டும். இது அதில் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும், கை கழுவுவதில் வித்தியாசமே தெரியாது. உப்புத் தண்ணீரில் ஆறு மாதத்துக்குள் அடைத்துக்கொள்ளும். கழற்றி ஒரு இரவு வினிகரில் போட்டால் போதும். இதைச் சொல்லாமல் மாட்டிவிட்டால் முதல் அடைப்பிலேயே பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

மீட்டர்தான் பெரிய போராட்டம். தனி வீட்டுக்கு ஒரு மீட்டர் போதும். அடுக்குமாடியில் மேலிருந்து வரும் குழாய் ஒரு வீட்டுக்குள் நான்கு இடத்தில் நுழைகிறது: இரண்டு குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம். ஒரு வீட்டுக்கு நான்கு மீட்டர், அப்படியானால் 720 மீட்டர். செலவைக் கேட்டதும் கூட்டம் கலைந்தது. மூன்று கூட்டம் போட்டோம். “நாங்க ரெண்டு பேர்தான், எதுக்கு ஆறு பேர் வீட்டுக்கும் சேர்த்துக் கட்டணும்” என்று ஒரு வயதான தம்பதி கேட்டதுதான் முடிவை மாற்றியது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டும்வரை யாருக்கும் குறைக்க வேண்டிய அவசியமில்லை. நான் குறைத்தால் பக்கத்து வீட்டுக்கு லாபம், அவ்வளவுதான்.

அடிப்படை அளவு ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தோம். அதற்குள் குறைந்த விலை, தாண்டினால் லாரி விலை. நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதல் மாதமே பில் போட்டோம். 30,000 லிட்டர் காட்டிய வீட்டுக்காரர் மீட்டர் பொய் என்று சண்டைக்கு வந்தார். அவர் வீட்டு வால்வில் கசிவு இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பில்லைத் திரும்பப் பெற்றோம். புதிதாகத் தொடங்குபவர்கள் இரண்டு மாதம் அளவை மட்டும் அனுப்புங்கள், பணம் கேட்காதீர்கள். எங்கள் வளாகத்தில் அந்த அளவுச் சீட்டைப் பார்த்தே பலர் குறைத்துவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் ஒரு நாள் செலவு 66,000 லிட்டருக்கு வந்தது. ஆளுக்கு 114. யாரும் குளிக்காமல் இருக்கவில்லை.

மழை விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. எங்கள் கட்டட வரைபடத்திலும் எட்டுக் குழிகள் இருந்தன. மொட்டைமாடியில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒவ்வொரு குழாயாகப் பின்தொடர்ந்தோம். ஐந்து குழாய்கள் நேராகத் தெருவோர வடிகாலுக்குப் போயின. மூன்று குழிகளில் ஜல்லியும் களிமண்ணும் இறுகிக் கிடந்தன.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடிகள் சேர்ந்து 2,400 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழைக்கு 1,20,000 லிட்டர், அதாவது பத்து லாரி. சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் பெய்கிறது. வருடத்துக்கு 280 லாரித் தண்ணீரை நாங்கள் வடிகாலில் விட்டுக்கொண்டிருந்தோம். மழை பெய்கிற அதே நேரத்தில் வாசலில் லாரியும் இறக்கிக்கொண்டிருக்கும்.

மாடிக் குழாய்களைத் திருப்பி, கூழாங்கல்லும் மணலும் கரியும் நிரப்பிய ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்புக்குக் கொண்டுவந்தோம். பருவத்தின் முதல் இரண்டு மழையைச் சம்புக்குள் விடக் கூடாது. மாடியின் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். அதற்கு ஒரு தனி வால்வு உண்டு. சம்ப் நிரம்பினால் மிச்சம் உறைகிணற்றுக்குப் போகும். உறை இறக்க வந்த பெரியவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இது சதுப்புக் களிம்மா, நாலடி குழியில தண்ணி நிக்கும், எறங்காது” என்றார். பதினாறு அடியில் மணல் தட்டியது. அதுவரை இறக்கிய பிறகுதான் கிணறு தண்ணீரைக் குடித்தது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரிப் பக்கம் இருப்பவர்கள் காசு செலவழிக்கும் முன் ஓர் இடத்தில் தோண்டி மண்ணைப் பார்த்துவிடுங்கள்.

எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிச் சுருக்கமாக. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று எங்கள் எஸ்.டி.பி.யில் காற்றை ஊதும் இயந்திரத்தை இரவில் நிறுத்திவைத்திருந்தார்கள். காற்று இல்லாவிட்டால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும், நாற்றம் வருவது அதனால்தான். இடைவிடாமல் ஓட்டத் தொடங்கிய பிறகு வந்த தெளிந்த தண்ணீரை ஃப்ளஷுக்கும் செடிக்கும் திருப்பினோம். இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தொட்டியில் அடைப்பு என்றால் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். 2013-லிருந்து அது சட்டப்படி குற்றம். விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இயந்திர வண்டி வரும்வரை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும் பகுதி சாலையும் கட்டடமும் குப்பைமேடும் ஆகிவிட்டது. மிஞ்சியிருப்பதற்கு 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நாங்கள் இருக்கும் இடமே முன்பு மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் வயல் என்று பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. எங்கள் சம்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தது. சாக்கடை கலந்த வெள்ளம் அதற்குள் இறங்கி, சேமித்த மழைநீர் மொத்தமும் வீணானது. மோட்டாரின் சுவிட்ச் பலகை கீழ்த்தளத்தில் இருந்ததால் அதுவும் மூழ்கியது. நான்கு நாட்கள் மின்சாரம் இல்லை, லாரி உள்ளே வர வழியில்லை. மாடித் தொட்டிகளில் இருந்ததை மாடிவாரியாகக் குடத்தில் பங்கிட்டுக்கொடுத்தோம்.

தண்ணீர் வடிந்ததும் முதலில் செய்த வேலை, சம்பின் வாயைச் சுற்றி மூன்றரை அடிக்குச் சுவர் எழுப்பி, மூடியை அதன் மேல் வைத்தது. மோட்டார் பலகையை முதல் மாடிப் படிக்கட்டருகே ஏற்றினோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகே செய்திருக்க வேண்டிய வேலை இது. அப்போது தண்ணீர் வாசலோடு நின்றுவிட்டதால் விட்டுவிட்டோம்.

2024 மார்ச்சில் பெங்களூரு வர்த்தூரிலிருந்து என் தங்கை கூப்பிட்டாள். அங்கே போர்கள் ஆயிரக்கணக்கில் வறண்டிருந்தன. லாரி விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருந்தார்கள், ஏரேட்டர் கட்டாயம் என்றும் உத்தரவு. “எங்க அசோசியேஷன்ல ஆயிரம் அடிக்குப் புது போர் போடலாம்னு பேசுறாங்கக்கா” என்றாள். போருக்குக் கொடுக்கும் பணத்தில் முதலில் மீட்டர் போடச் சொல்லு, அதற்கும் முன்னால் சம்பை அளந்து ஒரு கம்பு செய்யச் சொல்லு என்றேன். பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். பி.வி.சி. குழாயில் கறுப்பு மையால் கோடு. அவர்கள் சம்புக்கு ஒரு லாரி 21 சென்டிமீட்டர்.

எங்கள் மூங்கில் கம்பு இரண்டு முறை உடைந்து இப்போது மூன்றாவது. காவலாளி அண்ணன் காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இன்னும் எழுதுகிறார். இப்போது கோடையில் நாளைக்கு ஐந்து லோடு, மழை மாதங்களில் பல நாட்கள் ஒன்றும் இல்லை. வடிகட்டி மணலைப் பருவத்துக்கு முன் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். புரட்டாசி இரண்டாம் ஞாயிறு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டோம். மண்வெட்டி நான்கு இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும்.